வாலைப் பார்த்து உள்ளே விடும் பெட்டி

12 ஏப்ரல் 2008, சனி

கோனு புயல் எங்கள் அரபு நாட்டுக் கடற்கரையைப் புரட்டிப் போட்டதற்கு மறு வருடம் இது. அரிசி மூட்டை விலை ஏறி, கடைக்காரனே நம் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்ட வருடம். எங்கள் மலையடிவாரத்தைப் புயல் பெரிதாகத் தொடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் மட்டும் கொழுத்து ஓடியது. தண்ணீர் கூடினால் சண்டையும் கூடும்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், மகள் ஷம்ஸா எழுதுகிறாள். “உங்களுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு வாப்பா. ஆனா ஊரு காகிதத்தத்தானே நம்புது” என்று அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். சரி, எழுது.

நான் வாய்க்கால் சங்க அலுவலகத்தின் வாசல்காரன். காபியும் என் பொறுப்பு. சங்கம் இப்போது பழைய நீர்ப்பங்குகளைப் புதிய பதிவேட்டில் ஏற்றுகிறது. எழுத்தில் இல்லாத பங்குக்கு, விவரம் அறிந்த பெரியவர்கள் வந்து வாயால் சொல்ல வேண்டும். எழுத்தர் ஹிலால் அதைச் சின்ன ரெக்கார்டரில் பிடித்து, குளிர் அறையில் இருக்கும் பெரிய பெட்டியில் போட்டு வைக்கிறான். சர்வர் என்கிறார்கள். எனக்குப் பெட்டி.

என் அக்கா ஸுவைனாவுக்கு ஓர் அதர் தண்ணீர் உண்டு. அரை மணி நேரப் பாய்ச்சல். காலஞ்சென்ற அவள் கணவர் ராஷித் அதை சைஃப் பின் மர்ஹூனுக்கு இரவல் கொடுத்தார். சைஃபின் மகன் பத்ர் அது விற்றது என்கிறான். ஹஜ்ஜுப் பெருநாளோடு பதிவேட்டை மூடுகிறார்கள். அதற்குள் சாட்சி வராவிட்டால், இப்போது பாய்ச்சுகிறவன் பெயருக்கே பங்கு போய்விடும். அக்காவின் சொல் செல்லாது. அவள் கேட்கிற கட்சி. என் சொல்லும் செல்லாது. நான் அப்போது பஹ்ரைன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.

இன்று ஹிலால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பெட்டி நிறைந்துவிட்டதாம். இனி ஒரு குரலுக்கும் இடமில்லையாம்.

19 ஏப்ரல், சனி

நிஸ்வாவிலிருந்து துரையா வந்தாள். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். ஊசி மாதிரி வாய். காலையிலிருந்து குளிர் அறையில் இருந்தாள். நான் காபி கொண்டு போனேன்.

“ஹம்தான் மாமா, இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?”

“தண்ணிக் கணக்கு.”

“தண்ணிக் கணக்கு ஒரு மூலைல ஒதுங்கி நிக்குது. மிச்சமெல்லாம் ஒட்டகப் பந்தயமும் கல்யாணப் பாட்டும்.”

டிரைவர் ஜுமா கதவோரம் நின்றிருந்தான். “ஒட்டகம் என்னோடது. ஒத்துக்கிறேன். கல்யாணப் பாட்டு தலைவரோட மச்சினனோடது.”

“யாரோடதா இருந்தா என்ன? எல்லாம் வெளிய.”

“அத அவர்கிட்ட நீயே சொல்லிடு தாயே. எனக்கு வேலை வேணும்.”

20 ஏப்ரல், ஞாயிறு

ஜுமா இன்று துரையாவின் பெயரைச் சொல்லாமல் “அந்தப் பொண்ணு” என்றான், காலை முழுக்க.

26 ஏப்ரல், சனி

துரையா பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டாள். எனக்கு இதில் ஓர் ஆசை, நானும் வாசல்காரன் அல்லவா. விவரமாகக் கேட்டேன்.

ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கும் கடைசியில் ஒரு வால் உண்டாம். பாட்டுக்கு ஒரு வால், படத்துக்கு ஒரு வால், எழுத்துக்கு ஒரு வால். எந்தெந்த வால் உள்ளே வரக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டால் போதும். பெட்டி வாலைப் பார்க்கும், நிறுத்தும். ஏற்கெனவே உள்ளே இருப்பதைத் தொடாது. அதை அவள் கையாலேயே வெளியேற்றிவிட்டாள்.

“உள்ள பிரிச்சுப் பாக்காதா?”

“பாக்காது. வால் மட்டும்தான்.”

“அப்ப கழுத ஒண்ணு குதிர வால ஒட்டிக்கிட்டு வந்தா?”

“வந்தா விட்டுடும். இங்க யாருக்கு மாமா அவ்வளவு மூளை?”

ஜன்னலுக்கு வெளியே ஜுமா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

இந்த வாரம் பெட்டி யாரையும் நிறுத்தாதாம். யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று குறித்து மட்டும் வைக்குமாம். நல்ல வழக்கம். புது வாசலில் நானும் அப்படித்தான் செய்வேன்.

3 மே, சனி

குறிப்பைப் பார்த்துவிட்டு துரையா ஹிலாலைக் கூப்பிட்டாள்.

“ஹிலால் அண்ணே, இந்த வாரம் அதிகமா ஒலி கொண்டு வந்தது நீங்கதான். பாட்டா?”

அவன் முகம் சிவந்துவிட்டது. “பாட்டா! பெரியவங்க வாக்குமூலம்மா அது!”

“சரி சரி. எங்க வைக்கிறீங்க, காட்டுங்க. அந்த இடத்துக்கு மட்டும் விலக்கு போட்டுடறேன்.”

அவன் திரையில் விரல் வைத்துக் காட்டினான். அவள் ஏதோ தட்டினாள். முடிந்தது. இன்றிலிருந்து காவல் நிஜம். பாட்டு நிற்கும், பெரியவர்கள் போவார்கள்.

அக்காவிடம் சொன்னேன். “பெட்டியப் பத்தி எனக்கென்னடா. சாட்சி சொல்ல கமீஸ எப்பக் கூட்டிட்டு வருவே, அதச் சொல்லு” என்றாள்.

7 மே, புதன்

பங்குக்காரர் எல்லாரும் ஒரு முறை பாய்ச்சி, வாய்க்காலில் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கியது. ஹிலால் பெட்டியில் புது ஃபோல்டர் திறந்து சுற்றின் பெயரை வைத்தான். முன்பு கணக்கெழுதிய அவன் தகப்பனும் அப்படித்தான்: சுற்றுக்கு ஒரு புதுப் பக்கம், பழைய பக்கத்தில் ஒரு கோடு கூட இழுக்கமாட்டார். பழைய சுற்றின் பக்கத்தில் எழுதினால் தண்ணீர் பின்னோக்கிப் போகும் என்பார்கள் இங்கே.

12 மே, திங்கள்

கமீஸ் பின் ஹுமைத் வந்தார். இரண்டு பேரன்கள் தாங்கிப் பிடித்து வந்தார்கள். உட்கார்ந்ததும் முதலில் பேரீச்சம்பழம் நல்லதில்லை என்றார். பிறகு தின்றார்.

ஹிலால் ரெக்கார்டரை வைத்தான். கமீஸ் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்:

“நிலாவுல மனுசன் எறங்கினதா ரேடியோ சொன்ன வருசம். நாங்க நம்பல. அந்த வருசம் வாதி ஆத்துல வெள்ளம் வந்து ராஷித் தோட்டத்து மண்ண மொத்தமா வாரிட்டுப் போச்சு. மண்ணு இல்லாதவனுக்குத் தண்ணி எதுக்கு? நெழல்குச்சிகிட்ட உக்காந்திருந்தோம், நான், ராஷித், சைஃப். ராஷித் சொன்னான், ‘சைஃப், என் அதர நீ பாய்ச்சிக்க. என் தோட்டத்துல மண்ணு சேர்ற வரைக்கும்’னு. வித்தது இல்ல. ஒரு காசு கை மாறல. ஸுவைனா காபி கொண்டு வந்தா, அவ காதுலயும் விழுந்திருக்கும்.”

நிழல்குச்சி என்பது திடலில் நட்ட கம்பம். அதன் நிழலை வைத்துத்தான் பகல் முறையை அளப்போம்.

நான் கதவருகில் நின்று கேட்டேன். என் காதால் கேட்டேன். அக்காவின் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் போனதும் ஹிலால் குரலைப் பெட்டியில் போட்டான். திரையில் ஏதோ கட்டம் குதித்தது.

“என்னடா அது?”

“எப்பவும் இப்பிடித்தான் பெரியப்பா. இங்கிலீசுல கத்தும். ஓகே அமுக்கினா அடங்கிடும்.”

அமுக்கினான். அடங்கியது. அடுத்த பெரியவருக்காக ரெக்கார்டரை அழித்தான்.

16 ஜூன், திங்கள்

வெயில். முதல் பேரீச்சம்பழம் சிவந்துவிட்டது. அக்கா தோட்டத்தில் புது மண் கொட்டி முடித்துவிட்டாள். நாற்பது வருடம் கழித்து மண் சேர்ந்திருக்கிறது. இருபது எலுமிச்சைக் கன்று வைத்து, பக்கத்து வீட்டுக் குழாயில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றுகிறாள். “உன் வயசுக்கு இது தேவையா அக்கா” என்றேன். “நீ குடத்தப் பிடி” என்றாள்.

9 ஜூலை, புதன்

கமீஸ் இறந்துவிட்டார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். நல்ல மனிதர். நல்லவேளை, குரலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

23 ஆகஸ்ட், சனி

இதை எப்படிச் சொல்ல. ஷம்ஸா, எழுது.

பத்ர் தன் கட்சியைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, சங்கத் தலைவர், கமீஸின் குரலைப் போடச் சொன்னார். ஹிலால் ஃபோல்டரைத் திறந்தான். ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தான். அதிலும் இல்லை. மே மாதத்திலிருந்து எல்லாச் சுற்றும் வெறும் பெயர்தான், உள்ளே காற்று. ஹிலால் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

நான் கத்திவிட்டேன். தலைவர் முன்னால். “என்னடா பண்ணி வெச்சிருக்கே! செத்தவன எங்க போய்க் கூட்டிட்டு வர்றது!”

அக்காவிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

துரையா காலையிலேயே வந்துவிட்டாள். காபியைத் தொடவில்லை. பெட்டி தன் வாசலில் யாரையெல்லாம் நிறுத்தியது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தாள். இன்ன நாள், ஹிலால் கொண்டுவந்தான், கமீஸ் பின் ஹுமைத் என்ற பெயர், வால் சரியில்லை, நிறுத்தப்பட்டது.

“வந்தது யாருன்னு எழுதி வெச்சிருக்கு மாமா. என்ன சொன்னார்னு இல்ல.”

அவள் விலக்கு போட்டது அன்று ஹிலால் காட்டிய ஃபோல்டருக்கு மட்டும். அது அந்தச் சுற்றின் ஃபோல்டர். சுற்று மாறியது, ஹிலால் வெளியே புதிதாக ஒன்று திறந்தான், அங்கே காவல் நின்றது. அவள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாய் ஃபோல்டர் வைத்து, அதற்கு விலக்கு போட்டிருந்தால் அதற்குள் பிறக்கிற எல்லாம் தப்பியிருக்கும்.

“நான் கேக்கல. சுத்துக்கு ஒண்ணு தெறப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“நான் சொல்லல” என்றான் ஹிலால். “அது யாருக்கும் சொல்ற விசயமா? சுத்து மாறினா பக்கம் மாறும். இது தெரியாதவங்க யாரு?”

“நான்தான்.”

“வாரா வாரம் ஒனக்கு இந்தக் கணக்கு வரலயா?” என்று நான் கேட்டேன்.

“வந்துச்சு. வரி வரியா வந்துச்சு. ஜுமா இன்னும் ஒட்டகம் ஏத்தப் பாக்கறான்னு நெனச்சு, யார் பேருன்னு படிக்காமலே மூடிட்டேன்.” பிறகு, “தப்பு என்னோடது மாமா. ஹிலால் அண்ணன யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது” என்றாள்.

ரெக்கார்டரைத் தோண்டிப் பார்த்தாள். கமீஸுக்குப் பின் எத்தனையோ பேர் அதில் பேசிவிட்டார்கள். ஒன்றும் மிச்சமில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

இன்னொன்று. பெட்டியைத் துருவும்போது ‘டீசல் பில்’ என்று ஒரு ஃபைல். எழுத்து வால்தான். ஆனால் அதன் கனம் ஒரு லாரி. துரையா திறந்தாள். ஒட்டகங்கள் ஓடின. டீசல் பில் ஒன்றல்ல, ஒரு மந்தை.

பந்தய ஒட்டகம் உள்ளே சுகமாக இருந்திருக்கிறது. கமீஸ் வெளியே நின்றிருக்கிறார்.

ஜுமா வந்து பார்த்தான். சிரிக்கவில்லை. “நானே அழிச்சிடறேன்மா” என்றான். முதல் முறையாக அவளை ‘அம்மா’ என்றான்.

27 ஆகஸ்ட், புதன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. “கமீஸ் பொய் சொல்லமாட்டான்” என்றாள். “பொய் சொல்லலக்கா, பெட்டி வாங்கல” என்றேன். “அப்ப பெட்டிதான் பொய்” என்றாள்.

நான் கேட்டேன்: “நீயே சைஃப்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?”

குடத்தைக் கீழே வைத்தாள். “குடுத்தவ கேக்கக்கூடாதுடா. வாங்கினவன் பாத்துக் குடுக்கணும். எந்தத் தோட்டத்துல மண்ணு சேர்ந்திருக்குன்னு அவனுக்குக் கண்ணு இல்லயா?”

6 செப்டம்பர், சனி

நோன்பு தொடங்கிவிட்டது. துரையா எல்லாச் சுற்றையும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் கொண்டுவந்தாள். ஹிலாலுக்கு இப்போது அரபியில் கட்டம் வருகிறது: நிறுத்தப்பட்டது, ரெக்கார்டரை அழிக்காதே. அவன் ஒவ்வொரு குரலையும் பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்தே திறந்து கேட்டபின்தான் அழிக்கிறான். முழுதும் கேட்கிறான், பாவம். ஒரு பெரியவர் இருமலோடு பேசியதை இன்று இரண்டு முறை கேட்டான்.

நிழல்குச்சியடியில் அன்று இருந்தவர்களில் மிச்சம் சைஃப். எதிர்க்கட்சிதான், ஆனால் தனக்கு எதிராக அவரே சொன்னால் செல்லும். படுக்கையில் இருக்கிறார். ஹிலால் போனபோது பத்ர் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டான்: “வாப்பாக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.” சைஃபும் நானும் பேசி இருபது வருடம் இருக்கும். இந்தத் தண்ணீரால்தான்.

2 அக்டோபர், வியாழன்

நோன்புப் பெருநாள் இரண்டாம் நாள். குழியில் புதைத்து வேகவைத்த ஷுவா இறைச்சியை எடுத்தோம். ஒரு தட்டு இறைச்சியை மூடி எடுத்துக்கொண்டு சைஃப் வீட்டுக்குப் போனேன். பெருநாளில் வருகிறவனை எந்த வீடும் வாசலில் நிறுத்தாது. பத்ர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே விட்டான்.

சைஃப் தலையணையில் சாய்ந்திருந்தார். எலும்பாகிவிட்டார். காபி வந்தது. கப்பை வாங்கித் தரையில் வைத்தேன். குடிக்கவில்லை; கேட்க வந்தது கிடைத்த பிறகே குடிப்பது எங்கள் வழக்கம்.

பத்ருக்குப் புரிந்துவிட்டது. “பெருநாள் அன்னிக்கு வந்து இப்பிடியா மாமா?”

“நீ வாய மூடு” என்றார் சைஃப். “அவன் கப்ப கீழ வெச்சுட்டான். என் வீட்ல விருந்தாளி கப்பு ஆறிப் போச்சுன்னு ஊரு பேசணுமா? ஹம்தான், கேளு.”

“கமீஸ் சொன்னது காத்தோட போச்சுண்ணே. நீங்க சொல்லணும். வித்ததுன்னா வித்ததுன்னு சொல்லுங்க, இரவல்னா இரவல்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் அந்த ரெக்கார்டர்ல சொல்லணும். அவ்வளவுதான்.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆவி நின்றுவிட்டது.

“அவ ஒரு வார்த்த கேப்பான்னு இருந்தேன்” என்றார். “மண்ணு கொட்டினான்னு சொன்னாங்க. கன்னு வெச்சான்னு சொன்னாங்க. இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு இருந்தேன். அவளுக்கு அவ்வளவு திமிரு.”

“உங்களுக்கு?”

“எனக்கும்தான். வரச் சொல்லு அந்தப் பெட்டிக்காரப் பொண்ண. குடி.”

குடித்தேன். ஆறிய காபி. நன்றாகத்தான் இருந்தது.

11 அக்டோபர், சனி

துரையாவே சைஃப் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு ரெக்கார்டர். ஹிலாலும் நானும் கூட. பத்ர் சுவரோரம் கை கட்டி நின்றான்.

“உன் பெட்டி என்ன உள்ள விடுமா?” என்றார் சைஃப். “என் பேருக்கு வால் கெடையாதே.”

“உங்களுக்குன்னே கதவத் தொறந்து வெச்சிருக்கேன் பெரியவரே.”

சொன்னார். நிலா, வெள்ளம், மண், ராஷித்தின் வார்த்தை. கமீஸ் சொன்னதும் இதுதான், ஒரு சொல் கூட மாறவில்லை. இரவல். விலை இல்லை. முடிந்தது என்று ஹிலால் கை நீட்டினான். சைஃப் விரலை உயர்த்தி நிறுத்தினார்.

“ஸுவைனா, நீ கேக்கல. நானும் குடுக்கல. ரெண்டு பேரும் கெழடாயிட்டோம். எடுத்துக்க.”

அலுவலகத்துக்குத் திரும்பி, பெட்டியில் போட்டு, பெட்டியிலிருந்தே திறந்து மூவரும் கேட்டோம். ‘எடுத்துக்க’ வரை கேட்டோம். அப்புறமும் துரையா ஒரு ரெக்கார்டரை அழிக்கவில்லை, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாலை அக்காவின் தோட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினாள். அக்கா தலை குனிந்து கேட்டாள். முடிந்ததும், “கொரலு அப்பிடியே இருக்கு” என்றாள். பிறகு, “நாப்பது வருசம் வாயில என்ன, பேரீச்சங்கொட்டையா வெச்சிருந்தான்?” என்றாள். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்றாள்.

10 நவம்பர், திங்கள்

சைஃப் நேற்று இறந்தார். துக்க வீட்டில் நானும் நின்று காபி ஊற்றினேன்.

17 நவம்பர், திங்கள்

பத்ர் அலுவலகத்துக்கு வந்தான். தண்ணீர் விஷயம் பேச வந்தான் என்று நினைத்தேன். வாசலில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “மாமா, வாப்பா கொரலு அந்தப் பெட்டியில இருக்குல்ல? ஒரு தடவ கேக்கலாமா?”

ஹிலால் போட்டான். குளிர் அறையில் பத்ர் நின்றபடியே கேட்டான். தன் கையை விட்டுத் தண்ணீர் போகிற இடமும் அதில் இருக்கிறது. அதையும் கேட்டான். “இன்னொரு தடவ” என்றான்.

ஒரு பிரதி கொடுத்து அனுப்பினோம். ஜுமா கொண்டுபோய் வீட்டில் விட்டான்.

13 டிசம்பர், சனி

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. பதிவேட்டை மூடிவிட்டார்கள். ஓர் அதர், ஸுவைனா பின்த் ஸாலிம் பெயரில் இருக்கிறது. ஹிலால் படித்துக் காட்டினான், நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

காலையில் அவள் முறை வந்தது. பத்ரே மடைக்கல்லைத் தூக்கி அவள் பக்கம் திருப்பினான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கன்றுகளின் காலடிக்கு வந்தது. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

துரையாவும் வந்திருந்தாள். ரெக்கார்டரை நீட்டினாள். வழக்கு முடிந்தது, இனி அக்காவும் பேசலாமாம்.

“எனக்கு எதுக்குடி இது?”

“அன்னிக்கு அங்க இருந்தவங்க ஒவ்வொருத்தரா சொல்லியாச்சு பாட்டி. கமீஸ் சொன்னத நான் தொலைச்சுட்டேன். நீங்க சொல்லுங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். “இவன் கேட்டுட்டு நிப்பானா?”

“நான் போறேன்” என்றேன். வேலியோரம் வந்து நின்றுகொண்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பெட்டிக்குள் போய்விட்டது, அது போதும்.

நிழல்குச்சியடியில் அன்று இருந்தவர்கள்: ராஷித் பின் அலீ, இல்லை. கமீஸ் பின் ஹுமைத், இல்லை. சைஃப் பின் மர்ஹூன், இல்லை. காபி கொண்டுவந்தவள், ஸுவைனா பின்த் ஸாலிம்.